ஆக்ஸிலேட்டர் கறுப்பு

எங்கள் பக்கத்துப் பஸ் டிரைவர்கள் பெரும்பாலும் செருப்புப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட மாட்டோம். படியில் கால் வைப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவோம். மரியாதை ஒரு காரணம். வெறும் காலுக்குத்தான் பெடலின் பிடிமானம் தெரியும் என்பது இன்னொரு காரணம். என்ஜின் சூடு ஏறிய தகரத்தின் மேல் வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி, வலது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே சதை திரண்டிருக்கும் இடம் காய்த்துக் கறுத்துப்போகும். அதற்கு எங்களுக்குள் ஆக்ஸிலேட்டர் கறுப்பு என்று பேர். அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் புதிதாக வந்த டிரைவர் யாராவது வாய்ச்சவடால் அடித்தால், "எங்க, பாதத்தைக் காட்டு பாப்போம்" என்று அடக்குவோம். என் கறுப்பு எல்லோருடையதையும்விடப் பெரியது. அதில் எனக்கு ஏக பெருமை.

அந்தப் பெருமையைத்தான் பெரம்பலூர் டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அரியலூர் மாவட்டத்தை ஒருமுறை தனியாகப் பிரித்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து வைத்திருந்த சமயம் அது. நான் அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக லப்பைக்குடிக்காடு போகும் தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் ஜமால் பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர். அவர் ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பார்கள். இவரும் போனவர்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்து, அதைவிடச் சூடான எங்கள் பஸ்ஸில் ஏறினார். பதினோரு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் விசில் ஊதுகிற ஆள். டிக்கெட் விஷயத்தில் கெடுபிடி. அவருக்குத் தெரியாமல் கூடைக்குள் இருக்கிற கோழிக்குஞ்சுகூட எங்கள் வண்டியில் ஏற முடியாது. அவர் சொந்த மச்சானே டிக்கெட் வாங்கித்தான் வருவார்.

என் கறுப்பு இரண்டு வருஷமாக விரிந்துகொண்டிருந்தது. ஓரம் ஒழுங்கில்லாமல், மை கொட்டின மாதிரி பரவியது. என் மனைவி தனக்கொடி மூன்று தடவை சொன்னாள். கால் ஆணி என்று நானே முடிவு செய்து, ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வாங்கி ஒட்டினேன். ஒருநாள் பெரம்பலூரில் வண்டியை நிறுத்தியபோது ஜமால் பாய் முன்பக்கம் வந்து கீழே குனிந்தார்.

"அண்ணே, பெடல்ல ரத்தம்."

"ஆணி ஒடஞ்சிருக்கும் பாய். வாங்க, டைமிங் போயிடும்."

"டைமிங் கெடக்கட்டும். எறங்குங்க மொதல்ல."

அடுத்த நடையை ஓட்ட மாற்று டிரைவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தோல் டாக்டர் இருந்தார். சின்ன வயசு அம்மா. லென்ஸை எடுத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷம் இருக்குங்க."

"ஆணின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"நானேதாங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஓரத்தில் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது தனக்கொடியும் கூட இருந்தாள். மெலனோமா என்றார். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் கெட்டுப்போய், கட்டுக்கடங்காமல் பெருகுகிற புற்றுநோய். வெள்ளைக்காரர்களுக்கு அதிகம் வரும், நம் ஆட்களுக்கு அபூர்வம், வந்தால் இந்த மாதிரி உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோதான் பெரும்பாலும் வரும், யாரும் திருப்பிப் பார்க்காத இடம் என்பதால் தாமதமாகத்தான் தெரியும் என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வண்டி ஓட்டலாங்களா?" தனக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். "உசிரோட இருப்பாரான்னு கேக்கணும்னு தோணுதா பாருங்கம்மா இந்த மனுசனுக்கு."

சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். தனக்கொடியோடு ஜமால் பாயும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். பெரிய ஆஸ்பத்திரி. ஓ.பி. வரிசையில் காத்திருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை, காத்திருக்காதவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். நான் மட்டும் வலது காலை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா, "தம்பி, வண்டி எந்த ஊரு வரைக்கும் போவுது?" என்று கேட்டு அந்த வரிசையையே சிரிக்க வைத்துவிட்டார்.

அறுவை டாக்டர் நிதானமான மனிதர். கறுப்பைச் சுற்றிலும் நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டுவோம் என்றார். அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம், புற்று காலைத் தாண்டி மேலே போயிருக்கிறதா என்பது.

"கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டும், பாத்திருக்கீங்கல்ல?" என்று கேட்டார்.

"பாத்திருக்கேன் சார்."

"அதுதான் விஷயம். ரத்தக் குழாய் மாதிரியே உடம்புல இன்னொரு குழாய் வலை இருக்கு. அதுல ஓடறது நிணநீர். சதைக்குள்ள கசியற தண்ணியெல்லாம் வாரிக்கிட்டு திரும்ப ரத்தத்துல கொண்டுபோய் விடும். வழியில அங்கங்க கணு இருக்கும். நெறி கட்டறதுன்னு சொல்றமே, அந்தக் கணு வீங்கறதுதான். அதுக்குள்ள எதிர்ப்பு செல்லுங்க உக்காந்திருக்கும். கிருமியோ குப்பையோ எது வந்தாலும் பிடிச்சு முழுங்கிடும். புற்று செல்லு கிளம்புனாலும் மொதல்ல அந்தக் கணுவுலதான் போய் மாட்டும்."

தொடையிடுக்கில் அப்படிப் பல கணுக்கள் இருக்குமாம். புற்று போயிருந்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எடுத்தால் நிணநீர் ஓட வழியில்லாமல் கால் வீங்கலாம், நாள் பூராவும் காலைத் தொங்கப்போட்டு வண்டி ஓட்டுகிற வேலையை மறந்துவிட வேண்டும், பிறகு நோயும் சுலபத்தில் விடாது. போகவில்லை என்றால் ஒன்றையும் தொட வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ள, என் பாதத்துக்கென்று உள்ள முதல் கணு எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்களாம்.

"மொத செக்போஸ்ட்ல சரக்கு மாட்டலன்னா, அடுத்த செக்போஸ்ட்டக் கெளற வேண்டாம்ங்கிறீங்க."

"அதேதான்" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குப் பாதி தெம்பு வந்தது. மீதிப் பாதிக்கு நான் ஜமால் பாயைத்தான் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த பாதியும் போய்விட்டது.

அன்று வெளியே மரத்தடியில் தனக்கொடி ஒரு வேண்டுதலைச் சொன்னாள். எல்லாம் நல்லபடி முடிந்தால் பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூர் காளி கோயிலுக்கு நான் வெறும் காலோடு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாளாம். "என் காலை வச்சு நீ எப்படிடி வேண்டிக்கலாம்? அதுவே இருக்குமான்னு தெரியல" என்று கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடி மறுபடி ஒருமுறை கும்பிட்டுவிட்டு, "சரி, நானே நடக்குறேன்னு மாத்திக்கிட்டேன், கத்தாதீங்க" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பரிசோதனை நாளில் என்னைத் தரைத்தளத்தில் ஒரு அறைக்கு அனுப்பினார்கள். கதவில் மஞ்சள் நிறத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கைப் படம். அங்கே ஸ்டெல்லா என்று ஒரு டெக்னீஷியன் பெண். கறுப்பைச் சுற்றி நாலு இடத்தில் ஊசி போடப் போவதாகச் சொன்னார். உள்ளே போவது மருந்து இல்லை, நுண்துகள்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கதிர்வீச்சு ஒட்டியிருக்கும், இரண்டொரு நாளில் அது தானாக அடங்கிவிடும்.

"தூசி மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

"தூசி இதுக்கு யானை அண்ணா. தலைமுடி ஒண்ணை நீளவாக்குல ஆயிரமா பொளந்தா ஒரு கீத்து வரும்ல, அவ்ளோதான் இருக்கும். இதைவிட ரொம்பச் சின்னதா இருந்தா ரத்தக் குழாயில நுழைஞ்சு உடம்பு பூரா போயிடும். பெரிசா இருந்தா ஊசி போட்ட இடத்துலயே உக்காந்துக்கும். அளவு சரியா இருந்தாத்தான் நிணநீர்க் குழாய்க்குள்ள போகும். கணுவுல இருக்கற செல்லுங்க, ஏதோ கிருமி வந்துடுச்சுன்னு பிடிச்சு முழுங்கி வச்சுக்கும். எது முழுங்குச்சுன்னு கேமரா காட்டிக் கொடுத்துடும்."

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. ரத்தத்துக்கு இதயம் இருக்கிற மாதிரி நிணநீரைத் தள்ளுவதற்குத் தனியாகப் பம்ப் கிடையாதாம். குழாய் தானே கொஞ்சம் சுருங்கும், மற்றபடி நாம் நடக்கும்போது சதை அழுத்துகிற அழுத்தத்தில்தான் மேலே ஏறுமாம். அதனால் ஊசி போட்டதும் நடக்க வேண்டும். டீசல் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை, அது எனக்குப் பழக்கம்தான்.

ஊசி வலி பொய் சொல்ல முடியாத வலி. நான் "யம்மா" என்று அலறினது வெளியே இருந்த ஜமால் பாய்க்குக் கேட்டிருக்கிறது. ஸ்டெல்லா பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டி, காலில் ஒரு துணி உறையை மாட்டிவிட்டு நடக்கச் சொன்னார். தாழ்வாரத்தில் பத்து நடை நடந்தேன். உறை வழுக்கியது, கழற்றிப் பையில் போட்டேன். கால் கடுத்தது. பெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன். தனக்கொடி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பிறகு என்னை மெஷினுக்கு அடியில் படுக்க வைத்தார்கள். தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. முதலில் இருட்டு. அப்புறம் பாதத்தில் ஒரு வெளிச்சத் திட்டு. அதிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு கிளம்பி, கணுக்காலைக் கடந்து, முழங்காலின் உட்பக்கமாக ஏறி, தொடையிடுக்கில் போய் ஒரு புள்ளியாக நின்றது. என் உடம்புக்குள் இப்படி ஒரு பாதை இருப்பது நாற்பத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது. அதை ஊர்ந்து ஏறுகிற துகளும், அதைப் பிடித்து விழுங்குகிற செல்லும் இருக்கின்றன என்பதும் தெரியாது. பயத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது திரையில் இன்னொரு புள்ளி இருந்ததை ஸ்டெல்லா கவனித்தார். இடது பக்கம், தொடையின் மேல்பகுதியில்.

மெஷினை நகர்த்தி மறுபடி எடுத்தார். புள்ளி அங்கேயே இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டார்கள். வலது காலில் போட்டது இடது பக்கம் போகக் கூடாது, ஆனால் நூற்றில் ஒருவருக்கு உடம்பு வேறு மாதிரிப் பாதை போட்டு வைத்திருக்கும் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இரண்டு பக்கமும் வெட்டப் போகிறார்கள். பிரேக், ஆக்ஸிலேட்டர், கிளட்ச் மூன்றும் போயிற்று. எழுந்து கட்டில்மேல் உட்கார்ந்தேன். கதவு வழியாகத் தனக்கொடி எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணா, அப்படியே இருங்க. அசையாதீங்க" என்றார் ஸ்டெல்லா.

நான் அப்படியே இருந்தேன். அவர் கிட்டே வந்து என் கால்களை உற்றுப் பார்த்தார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அதுதான் என் பழக்கம். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது டிரைவர் சீட்டில்கூட அப்படித்தான் மடக்கிக்கொள்வேன். வலது பாதம் இடது தொடைக்கு அடியில், இடுப்பை ஒட்டிச் செருகியிருந்தது.

"வெளிய பெஞ்சுலயும் இப்படித்தான் உக்காந்திருந்தீங்களா?"

"ஆமாங்க. இட்லி சாப்பிடறப்போ."

"உறை எங்க?"

"அது வழுக்குச்சுங்க. பையில இருக்கு."

ஸ்டெல்லா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "போய் வேட்டிய மாத்திட்டு, தொடைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க."

ஜமால் பாய் தன் பையிலிருந்த மாற்றுக் கைலியைக் கொடுத்தார். லப்பைக்குடிக்காட்டுக் கட்டம் போட்ட கைலியோடு மறுபடி மெஷினுக்கு அடியில் படுத்தேன். இடது பக்கத்துப் புள்ளி இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இல்லை. ஸ்டெல்லா என் வேட்டியைத் தனியாக மெஷினுக்குக் கீழே வைத்துக் காட்டினார். ஊசித் துளையிலிருந்து கசிந்த ஒரு சொட்டு, பஞ்சையும் தாண்டி, என் வேட்டியில் மின்னிக்கொண்டிருந்தது. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், எனக்கு வந்தது அன்றைக்குத்தான். அந்த வேட்டியைப் பையில் கட்டி, மேலே சீட்டு ஒட்டி, கதிர்வீச்சு அடங்கும்வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

"இத்தனை வருஷமா கூட இருக்கேன்" என்றார் ஜமால் பாய். "உங்க வேட்டிக்கு இவ்வளவு மரியாத கெடச்சு நான் பாத்ததில்லண்ணே."

ஆபரேஷன் மறுநாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள், அதனால் காது நன்றாகக் கேட்டது. பேனா மாதிரி ஒரு கருவியை என் தொடையிடுக்கில் வைத்து நகர்த்தினார்கள். துகளை விழுங்கிய கணுவுக்குப் பக்கத்தில் போகப் போக அது சத்தம் போட்டது. ஓரிடத்தில் இடைவிடாமல் அலறியது. "கெடச்சுது" என்றார் டாக்டர். கணுவுக்கு அடையாளம் தெரிய நீலச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதும் நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது. நர்ஸ் வந்து, "சாயம்தாங்க, சொல்ல மறந்துட்டோம்" என்று மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஒற்றைக் கணுவை மெல்லிய சீவல்களாகச் சீவி, விசேஷச் சாயம் போட்டுப் பார்க்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளைப் பற்றி என்ன எழுதுவது? ஒட்டின தோல் பிடிக்கிற வரைக்கும் காலை உயர்த்தி வைத்து அசையாமல் கிடந்தேன். தனக்கொடி தினமும் என் இடது காலை மட்டும் வெந்நீரில் கழுவித் துடைப்பாள். "அதுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டால், "அதுவும் பயந்துதானே இருந்துச்சு" என்பாள். ஜமால் பாய் ஊருக்குப் போய் டியூட்டி பார்த்துவிட்டு இரண்டு தடவை வந்தார். நோன்பு மாதம். அவர் வீட்டில் எனக்காக துவா செய்வதாகச் சொன்னார். தான் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்து, எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். இந்த மனிதருக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் தாளோடு வந்தார்.

"கணு சுத்தமா இருக்கு. ஒரு புற்று செல்கூட இல்லை."

தனக்கொடி அவர் காலில் விழப்போனாள். அவர் பதறிப் பின்னால் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காலையும் தொடையிடுக்கையும் காட்ட வேண்டும், திரும்ப வராது என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இன்றைக்கு இது நல்ல செய்தி என்றார். இன்றைக்கு என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. வண்டி ஓட்டலாமா என்று இந்த முறை தனக்கொடிதான் கேட்டாள்.

ஓட்டலாம் என்றார். புண் முழுசாக ஆறின பிறகு, மெத்தென்ற ஷூ போட்டுக்கொண்டு.

ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் தனக்கொடி ஒரு திங்கட்கிழமை பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூருக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஆட்டோவில் போனேன். இந்தக் கதையை நான் எழுதுவதற்குக் காரணம் அந்த ஆறு மாதத்தில் வந்து பார்த்த டிரைவர்கள்தான். எல்லோரும் கேட்டதையே கேட்டார்கள், நானும் சொன்னதையே சொன்னேன்: உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், புதுசாக ஏதாவது கறுப்பு வந்தால், இருப்பது பெரிதானால், டாக்டரிடம் காட்டுங்கள். டீக்கடையில் காட்டாதீர்கள்.

மறுபடி வண்டி ஏறிய நாளில் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். இருபத்திரண்டு வருஷம் வெறும் காலோடு ஏறிய படியில் கேன்வாஸ் ஷூவோடு ஏறுவது என்னவோ சாமி அறைக்குள் செருப்போடு நுழைகிற மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒட்டின தோலுக்கு உணர்ச்சி கிடையாது. பெடலை எவ்வளவு அழுத்துகிறேன் என்பது பாதத்துக்குத் தெரியவில்லை, முழங்காலை வைத்துத்தான் கணித்தேன். தனக்கொடி முன் சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரியலூர் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். ஜமால் பாய் இரண்டு விசில் கொடுத்தார்.

முதல் நாலைந்து கிலோமீட்டர் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குலுங்கியது. அப்புறம் கால் பிடிபட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டு, வளைவுகளில் நிதானித்து, பிரேக்கை மெதுவாகத் தொட்டுத் தொட்டு ஓட்டினேன். பெரம்பலூர் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது சட்டை நனைந்திருந்தது. டைமிங்கில் ஏழு நிமிஷம் தாமதம், பரவாயில்லை.

ஆனால் யாரும் இறங்கவில்லை. என்னவென்று திரும்பிப் பார்த்தேன். வண்டி நிறைய ஆட்கள் கையில் சில்லறையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜமால் பாய் என் சீட்டுக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வலது காலையே பார்த்தபடி நின்றிருந்தார். அரியலூரில் ஏறின ஒருவருக்கும் அவர் டிக்கெட் கிழித்திருக்கவில்லை.